வலஞ்சுழிப் பெண்ணுக்கு ஒரு ஜோடி

சனிக்கிழமை காலை வந்ததிலிருந்து மார்லா ஃப்ரீசனுக்குக் கால் ஓர் இடத்தில் நிற்கவில்லை. காலில் மாட்டின ஸ்கேட்டோடு பனிச்சறுக்கு ரிங்க் வாசலுக்கு வருவாள். கண்ணாடிக் கதவில் படிந்திருந்த உறைபனியைக் கையுறையால் தேய்த்து, கண்ணளவுக்கு ஒரு வட்டம் பண்ணி வெளியே பார்ப்பாள். ஒரேஸ்டின் பிக்கப் தவிர வேறு வண்டி இருக்காது. திரும்ப உள்ளே போவாள். கேன்டீனில் வாங்கிய காபியை எங்கே வைத்தோம் என்று தேடுவாள். தேடிக்கொண்டிருக்கும்போதே மறுபடி வாசல்.

“ஏய் மார்லா, இப்படியே நடந்தேன்னா ரப்பர் விரிப்பு தேஞ்சுரும். டவுன் ஆபீஸ்காரங்க உன்னத்தான் கேப்பாங்க,” என்றான் ஒரேஸ்ட் கோவல்சுக். மார்லாவோடு ஒரே பள்ளியில் படித்தவன். இப்போது ஹேசல் க்ரீக் தானியக் கிடங்கில் வேலை. அவன் மகள் லெஸ்யாதான் பெஞ்சில் உட்கார்ந்து ஸ்கேட்டைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“கோச், தயவுசெஞ்சு உக்காருங்க. உங்களப் பாக்கப் பாக்க எனக்கு பாத்ரூம் வருது,” என்றாள் லெஸ்யா, தலையைத் தூக்காமலே.

மார்லா உட்கார்ந்தாள். முழங்கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

லெஸ்யா ஜோடி ஸ்கேட்டிங் பண்ணுகிறவள். பையன் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பான், இடுப்பைப் பிடித்துச் சுழற்றி எறிவான், இவள் காற்றில் சுற்றிப் போய் ஒற்றைக் காலில் இறங்க வேண்டும். அதற்காகவே செய்து வைத்தது போன்ற பெண். ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு, பயம் என்ற ஒன்று என்னவென்றே தெரியாது. ஒரே ஒரு சங்கடம். அவள் வலஞ்சுழி. ஸ்கேட்டிங்கில் பத்தில் ஒன்பது பேர் இடது பக்கமாகத்தான் சுற்றிக் குதிப்பார்கள். இவள் கடிகார முள் போல வலது பக்கமாகச் சுற்றுவாள். தனியாக ஆடுகிறவளுக்கு இதனால் ஒன்றும் இல்லை. ஜோடியாக ஆட வேண்டுமென்றால் பையனும் அதே பக்கம் சுற்றுகிறவனாக இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்வது. பையன்களே கிடைக்காத மாகாணம் இது. பிறந்த பையன் எல்லாம் நடக்கப் பழகும் முன்பே ஹாக்கி மட்டையைப் பிடித்துக்கொள்கிறான். அதில் ஒரு வலஞ்சுழிப் பையன் என்றால் வலம்புரிச் சங்கைத் தேடுகிற கதைதான்.

முன்பு இருந்த கார்ஸன் என்ற பையன் எண்ணெய்க் கிணற்று வேலைக்கு ஆல்பர்ட்டா போய்விட்டான். அதற்குப் பிறகு இரண்டு சீசனாக லெஸ்யா தனியாகவே பயிற்சி செய்கிறாள். இல்லாத பையனின் கையைப் பிடித்துக்கொண்டு சுற்று வருகிறாள். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். மார்லாவுக்கு வராது.

இந்த நிலைமையில்தான் போன மாதம் புடாபெஸ்டிலிருந்து ஒரு செய்தி வந்தது. பென்ஸெ என்று ஒரு ஹங்கேரிப் பையன், வலஞ்சுழி, உலகப் போட்டி வரைக்கும் போனவன், ஜோடி இல்லாமல் நிற்கிறான். லெஸ்யா வந்தால் எடுத்துக்கொள்கிறோம், ஹங்கேரிக்காக ஆட வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்லுங்கள் என்றார்கள். ஞாயிறு என்றால் நாளை.

மார்லாவுக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. அவள் தயார் பண்ணின பெண்கள் ஒவ்வொருத்தியும் ஏதாவது ஒரு பக்கம் போய்விட்டாள். ஒருத்தி டொரான்டோ பக்கம், ஒருத்தி அஸர்பைஜானுக்கு, இரண்டு பேர் பையன் கிடைக்காமல் ஸ்கேட்டையே கழற்றி வைத்துவிட்டு நர்சிங் படிக்கிறார்கள். இவளும் போய்விட்டால் இந்த நாட்டில் ஜோடி ஸ்கேட்டிங்கை யார் ஆடுவது? இந்தக் கேள்வியை மார்லா கூட்டங்களில் எழுந்து கேட்டிருக்கிறாள். எல்லோரும் தலையாட்டிவிட்டு டோனட் எடுக்கப் போய்விடுவார்கள்.

அப்போது பார்த்து, ஜோடிக்குப் பையன் வேண்டும் என்று மார்லா போட்டிருந்த விளம்பரத்துக்கு லா ராஞ்சிலிருந்து ஒரு வீடியோ வந்தது. ரெமி தேஜார்லே, பத்தொன்பது வயது, வடக்கே ஏரிக்கரையில் வீடு. உறைந்த ஏரியின் மேல் பனியைத் தள்ளிச் சுத்தம் பண்ணின ஒரு சதுரம், பின்னால் கறுப்பாக மரங்கள், நடுவில் உயரமான ஒரு பையன். ஓடி வந்தான், எம்பினான், சுற்றினான். வலது பக்கம்.

மார்லா சமையலறையில் நின்றபடி அதைப் பார்த்தாள். அடுப்பில் சூப் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

“வந்துட்டாங்க போல,” என்றான் ஒரேஸ்ட்.

உப்பும் சேறும் அப்பின ஒரு பழைய வண்டி வந்து நின்றது. முதலில் இறங்கியது ரெமியின் அத்தை ஜோலின். குட்டையான, கனத்த பெண்மணி. உள்ளே வந்ததும் பூட்ஸைத் தரையில் உதைத்துப் பனியைக் கொட்டிவிட்டு, ஒரு துணி மூட்டையை மார்லாவின் கையில் திணித்தாள்.

“பானக் ரொட்டி. காலைல சுட்டது. இன்னும் மெத்துன்னு இருக்கும். நீங்கதான மார்லா? போன்ல பேசுறப்ப ஒல்லியா இருப்பீங்கன்னு நெனச்சேன்.”

“போன்ல எல்லாரும் ஒல்லிதான்,” என்றாள் மார்லா.

பின்னால் ரெமி வந்தான். கதவு நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வந்தான். எல்லோருக்கும் கை கொடுத்தான். லெஸ்யாவுக்குக் கொடுத்தபோது மட்டும் கையுறையைக் கழற்றிவிட்டுக் கொடுத்தான்.

“இவ்ளோ சின்னதாவா இருக்க?” என்றான்.

“இவ்ளோ பெருசாவா இருக்க?” என்றாள் அவள்.

இரண்டு பேரும் ஐஸில் இறங்கிக் காலைச் சூடு பண்ணிக்கொள்ளும்போது ஜோலின் அத்தை தடுப்புச் சுவரில் சாய்ந்துகொண்டு பேச ஆரம்பித்தாள். மார்லா ஒரு காதை அவளுக்குக் கொடுத்ததில், பையனைச் சரியாகப் பார்க்க முடியவில்லை.

“சின்னதுல இருந்து ஹாக்கி. ஆள் நல்ல உயரம்னு டிஃபென்ஸ்ல போட்டாங்க. என்ன பிரயோசனம்? எதிராளிய இடிச்சுட்டு, நின்னு சாரி கேப்பான். கைய நீட்டித் தூக்கி விடுவான். அதுக்குள்ள அந்தப் பக்கம் கோல் விழுந்துரும். பயிற்சியாளர் அழாத குறை.”

“அப்புறம் எப்படி இதுக்கு வந்தான்?”

“என் பொண்ணு ஸ்கேட்டிங் கிளாஸ்ல ஒரு பையன் வேணும்னாங்க, விழாவுக்கு. ஒரு வாரத்துக்குன்னு போனான். அவ்வளவுதான், வீட்டுல எவனும் ஹாக்கியப் பத்திப் பேசுறதே இல்ல.”

மார்லாவுக்குச் சிரிப்பு வந்தது. முதல் தடவையாக முழங்கால் ஆட்டம் நின்றது.

புதிதாகச் சேர்கிறவர்களை முதலில் கை கோத்துச் சும்மா சுற்று வரச் சொல்வது வழக்கம். பாட்டு இல்லை, பேச்சு இல்லை. இரண்டு பேர் முழங்காலும் ஒன்றாக மடங்குகிறதா, ஒன்றாக நிமிர்கிறதா என்று பார்த்தால் போதும், மற்றதெல்லாம் பிறகு. லெஸ்யாவும் ரெமியும் கை கோத்துக் கிளம்பினார்கள். முதல் திருப்பத்தில் கொஞ்சம் தடுமாற்றம். அவன் ஒரு எட்டுக்கு இவள் ஒன்றரை எட்டு வைக்க வேண்டியிருந்தது. அவன் அதைக் கவனித்துக் காலைச் சுருக்கினான். அடுத்த திருப்பத்தில் இரண்டு பிளேடு சத்தமும் ஒரே சத்தமாகக் கேட்டது.

“அட,” என்றான் ஒரேஸ்ட். அவ்வளவுதான் சொன்னான். மகள் போகக் கூடாது என்று அவன் வாய் விட்டுச் சொன்னதில்லை. புடாபெஸ்டில் தங்கள் வீட்டுப் பெரோகிக் கொழுக்கட்டை கிடைக்குமா, கிடைக்குமா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருப்பான்.

மார்லா கையைத் தட்டினாள். “நல்லாருக்கு! இப்ப பக்கத்துப் பக்கத்துல ஒரு சாதாத் தாவல். ஒரே ஒரு சுத்து. அவசரம் இல்ல.”

இரண்டு பேரும் பின்பக்கமாக ஓடி வந்தார்கள். ஒரே சமயத்தில் குனிந்தார்கள். ஒரே சமயத்தில் எம்பினார்கள்.

இரட்டைக் கதவை உள்ளேயிருந்து தள்ளித் திறந்த மாதிரி இருந்தது. அவள் வலது பக்கம் சுற்றினாள், அவன் இடது பக்கம் சுற்றினான். இறங்கினபோது அவள் ஒரு மூலைக்கும் அவன் எதிர் மூலைக்கும் போய்க்கொண்டிருந்தார்கள்.

மார்லா இரண்டு மூலையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“என்னாச்சு?” என்றாள் ஜோலின். “நல்லாத்தான குதிச்சாங்க?”

“ரெமி,” என்றாள் மார்லா. “இன்னொரு தடவ குதி. தனியா.”

குதித்தான். இடது பக்கம்.

“அந்தப் பக்கம் ஏன் சுத்துற?”

“நான் எப்பவும் இந்தப் பக்கம்தானே சுத்துவேன்,” என்றான் அவன், ஏதோ தப்புப் பண்ணிவிட்டோம் என்ற முகத்தோடு.

மார்லா போனை எடுத்தாள். வீடியோவை ஓட்டினாள். ஏரி, மரங்கள், பையன். எம்பினான், சுற்றினான். வலது பக்கம். போனை அவன் முகத்துக்கு முன் நீட்டினாள்.

ரெமி பார்த்தான். லெஸ்யா எட்டிப் பார்த்தாள். முதலில் அவளுக்குத்தான் புரிந்தது. “ஐயோ, இது செல்ஃபி கேமரா!”

“ஆமா,” என்றான் ரெமி. “அத்தை குளிருதுன்னு வீட்டுக்குள்ள போயிட்டாங்க. போனப் பனிக் குவியல்ல குத்தி வெச்சேன். நான் படத்துக்குள்ள இருக்கனான்னு தெரியணும்ல, அதான் இந்தப் பக்கம் திருப்பி வெச்சேன்.”

கண்ணாடியில் பார்க்கிற மாதிரி, இடது வலதாகப் பதிவாகியிருந்தது. ரிங்கில் எடுத்திருந்தால் சுவரில் இருக்கிற விளம்பர எழுத்தெல்லாம் திரும்பித் தெரிந்திருக்கும். சின்னக் குழந்தைகூடக் கண்டுபிடித்திருக்கும். ஏரியில் என்ன எழுதியிருக்கிறது? பனியும் மரமும் எந்தப் பக்கம் திருப்பினாலும் பனியும் மரமும்தான். இருந்தாலும் இருபத்தைந்து வருஷமாக இதே வேலையாக இருக்கிறவள், ஒரு வார்த்தை போனில் கேட்டிருக்கலாம். எந்தக் காலில் இறங்குவாய் என்று ஒரு கேள்வி. கேட்கவில்லை. கேட்டால் வேறு பதில் வந்துவிடுமோ என்று உள்ளுக்குள் பயம் இருந்திருக்கிறது. அதை இப்போதுதான் அவளால் ஒப்புக்கொள்ள முடிந்தது.

ஒரேஸ்ட் முதலில் வாயைப் பொத்திக்கொண்டான். அப்புறம் முடியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு இருமும் வரைக்கும் சிரித்தான். “மார்லா... நாலு மணி நேரம்... பனில வண்டி ஓட்டிட்டு வந்திருக்காங்க மார்லா...”

“நீ சும்மா இரு ஒரேஸ்ட்.”

“பரவால்ல விடுங்க,” என்றாள் ஜோலின். “எங்க வீட்டுக்காரர் கல்யாணத்துக்கே தப்பான சர்ச்சுக்குப் போனவரு.”

மார்லாவுக்கு முகம் எரிந்தது. ரிங்கை விட்டு வெளியே போய் எங்காவது நடக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் லெஸ்யா அசையவில்லை. இடுப்பில் கை வைத்து யோசித்துக்கொண்டிருந்தாள்.

“ரெமி, நீ ஹாக்கி ஆடினவன்தானே? எந்தப் பக்கம் வேணாலும் திரும்புவல்ல?”

“திரும்புவேன். ஹாக்கில அந்த பக் வட்டு எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம்தான்.”

“அப்ப எறியறதுக்கு என்ன? எறியறவன் குதிக்க வேண்டாம். நின்ன எடத்துல வலது பக்கம் திரும்பி என்னை விட்டாப் போதும். பக்கத்துல நின்னு குதிக்கிறது மட்டும் ஆளுக்கொரு பக்கமா இருக்கும். இருந்துட்டுப் போகட்டும். கண்ணாடி மாதிரி அழகாத்தான் இருக்கும். கோச், அதுக்கு ஏதாவது விதி இருக்கா?”

மார்லா விதிகளை மனசுக்குள் புரட்டிப் பார்த்தாள். இரண்டு வருஷமாக வலஞ்சுழிப் பையன், வலஞ்சுழிப் பையன் என்று நாடெல்லாம் தேடியிருக்கிறாள். ஹாக்கியிலிருந்து வந்தவனுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. “விதி எதுவும் இல்ல,” என்றாள். அடங்கிக் கிடந்த ஆசை மறுபடி எழுந்து உட்கார்ந்தது.

“அப்ப எறி,” என்றாள் லெஸ்யா.

மார்லா ரெமிக்குக் கை வைக்க வேண்டிய இடத்தைக் காட்டினாள். முதலில் ஐஸில்லாமல், ரப்பர் விரிப்பின் மேல் தூக்கிப் பார்த்தார்கள். பிறகு ஐஸில் மெதுவாக. பிறகு வேகமாக. அவன் வலது பக்கம் திரும்பினான், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் விடுகிற நேரத்தில் அவன் விரல்கள் ஒரு இமைப்பொழுது அதிகமாகப் பிடித்துக்கொண்டன. லெஸ்யா கோணலாகப் பறந்து, இடுப்பு அடிபட விழுந்தாள். டம் என்று சத்தம் ரிங்க் முழுவதும் கேட்டது.

ரெமி ஓடிப் போய் மண்டி போட்டான். “சாரி, சாரி! அடி பட்டுச்சா?”

“பிடிக்காத. விடு. நீ விடாத மாதிரி விடுற.” எழுந்துவிட்டாள். “மறுபடி.”

மறுபடியும் அதே. அவன் இன்னும் மெதுவாக விட்டான், அவள் இன்னும் மோசமாக விழுந்தாள்.

“எறிடா! நான் என்ன முட்டையா?”

“தெரியுது, தெரியுது.”

“கோபமா எறி. நான் உன் ஹாக்கி மட்டைய உடைச்சேன்னு நெனச்சுக்கோ.”

“நான் ஹாக்கி மட்டைக்கெல்லாம் கோபப்பட மாட்டேனே...”

அடுத்த தடவை அவன் கண்ணை மூடிக்கொண்டு விட்டான். லெஸ்யா தோள்பட்டையில் விழுந்து சுவர் வரைக்கும் சறுக்கிக்கொண்டு போனாள். அங்கேயிருந்து கையைத் தூக்கி ஆட்டினாள், ஒன்றும் இல்லை என்று. ரெமி மட்டும் நிமிரவில்லை. முழங்காலில் கையை ஊன்றி, குனிந்தபடியே நின்றான்.

“என்னால முடியல,” என்றான். “தப்பா எடுத்துக்காத. நீ விழுறப்ப ஒரு சத்தம் வருதே, அது காதுலயே நிக்குது. தூக்கச் சொன்னாத் தூக்குறேன். நாள் பூரா சுமக்கச் சொன்னாலும் சுமக்குறேன். எறியச் சொன்னா... கை கேக்க மாட்டேங்குது.”

“விழுறது நான். எனக்கே ஒண்ணும் இல்ல,” என்றாள் லெஸ்யா. கோபமாகச் சொல்லவில்லை. புரியாமல் சொன்னாள். பயப்படுகிறவர்களை அவளுக்கு நிஜமாகவே புரியாது.

“பழகிருமா?” என்று ஒரேஸ்ட் மார்லாவைப் பார்த்துக் கேட்டான்.

பழகும் என்று சொல்ல மார்லாவுக்கு நாக்கு வரை வந்தது. ஒரு வருஷம், இரண்டு வருஷம் ஆகலாம். பழகாமலே போனவர்களையும் அவள் பார்த்திருக்கிறாள். அப்போதுதான் அந்த இன்னொரு எண்ணம் வந்தது. வந்த வேகத்தில் யோசிக்காமல் வாயை விட்டே வெளியே வந்துவிட்டது.

“எறிய வேண்டாம். ஐஸ் டான்ஸ்!”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

“ஐஸ் டான்ஸ்ல எறியறது கிடையாது. தலைக்கு மேல தூக்குறது கிடையாது. குதிக்கிறது கிடையாது. ரெண்டு பேரும் ஒட்டி நின்னு காலால ஆடணும், அவ்வளவுதான். ரெண்டு பக்கமும் சுத்தணும்னு விதியே இருக்கு. வலஞ்சுழியாவது இடஞ்சுழியாவது, யாரும் கேக்க மாட்டாங்க! ரெமி, உனக்குச் சம்மதமா?”

ரெமியின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. “உண்மையச் சொல்லவா? எனக்கு அதான் ஆசை. நீங்க ஜோடிக்குத்தான் ஆள் வேணும்னு போட்டிருந்தீங்க. டான்ஸுக்கு எங்கயும் போடல. சரி, வந்து பாப்போம்னு வந்தேன்.”

“ஏண்டா, இத என்கிட்ட சொல்லிருந்தா பெட்ரோலாவது மிச்சம்,” என்றாள் ஜோலின்.

மார்லா ஓடிப் போய்ப் பாட்டுப் பெட்டியைப் போட்டாள். பழைய வால்ட்ஸ் நடன இசை ஒன்று. கைகளை எப்படிப் பிடிப்பது, இடுப்பை எங்கே வைப்பது என்று காட்டினாள். லெஸ்யாவுக்கு அந்த அடிகள் சின்ன வயதிலேயே தெரியும். ரெமிக்கு லா ராஞ்ச் கிளப்பில் கொஞ்சம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கிளம்பினார்கள்.

முதல் சுற்றிலேயே தெரிந்துவிட்டது. இவ்வளவு பெரிய பையன் ஐஸின் மேல் ஒரு சுமையும் இல்லாதவன் மாதிரி போனான். அவளைத் தன் முன்னால் ஏந்திக்கொண்டு, அவள் எங்கே திரும்புவாள் என்று முன்கூட்டியே தெரிந்தவன் போல இடம் விட்டான். லெஸ்யாவின் பிளேடு ஆழமாகச் சாய்ந்து வெள்ளையாக ஒரு வளைவு போட்டது. பக்கத்திலேயே அவனுடையது இன்னொரு வளைவு. அடுத்து ரிங்க் தங்களுக்கென்று கதவோரம் காத்திருந்த பெண்கள் ஹாக்கி அணி மட்டையைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தட்டல் நின்றுவிட்டது. ஒருத்தி விசில் அடித்தாள்.

மார்லாவின் மனசு எங்கெங்கோ ஓடியது. வரும் இலையுதிர் காலத்தில் மாகாணப் போட்டி. அடுத்த வருஷம் தேசியப் போட்டி. சட்டையில் நாட்டுக் கொடியின் சிவப்பு இலை. போக வேண்டாம், யாரும் எங்கும் போக வேண்டாம். ஒரேஸ்டும் அதையேதான் நினைத்திருக்க வேண்டும். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தான்.

பாட்டு முடிந்தது. லெஸ்யா ரெமிக்கு நன்றி சொல்லிவிட்டு, நேராக மார்லா நின்ற இடத்துக்கு வந்தாள். மூச்சுகூட வாங்கவில்லை.

“கோச், நல்லா இருந்துச்சா?”

“ரொம்ப நல்லா இருந்துச்சு.”

“நிஜமாவா?”

“நிஜமா. பொய் சொல்லல. நீங்க ரெண்டு பேரும் மேல வருவீங்க.”

லெஸ்யா சுவரின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டாள். “இன்னொண்ணு கேக்கறேன். நீங்க சொல்றதுதான் கணக்கு. அப்பா கேட்டாலும் நான் நீங்க சொன்னதத்தான் சொல்லுவேன். எனக்குப் பிடிச்சு ஆடின மாதிரி இருந்துச்சா?”

மார்லா ஐஸில் கிடந்த வளைவுகளைப் பார்த்தாள்.

இருந்தது என்று சொன்னால் இவள் நம்புவாள். ஏழு வயதிலிருந்து நம்பியிருக்கிறாள். விழு என்றால் விழுந்தாள், எழு என்றால் எழுந்தாள். இப்போது இரு என்றால் இருந்துவிடுவாள். ஒரு வார்த்தை போதும்.

மார்லா இப்போது பார்த்த ஆட்டத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். பாதத்தைப் பார்த்திருக்கிறாள், முழங்காலைப் பார்த்திருக்கிறாள், வளைவைப் பார்த்திருக்கிறாள். முகம்? முகத்தைத் தேடினாள். லெஸ்யாவின் முகம் மரியாதையாக இருந்தது. விருந்துக்குப் போன வீட்டில் பிடிக்காத பதார்த்தத்தை, நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிடுகிறவளின் முகம். முன்பு தோளில் அடிபட்டுச் சுவர் வரைக்கும் சறுக்கிப் போய் அங்கேயிருந்து கை ஆட்டினாளே, அப்போது அந்த முகம் எப்படி இருந்தது? பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது.

“இல்ல,” என்றாள் மார்லா.

சொன்னதும் திரும்ப வாங்கிக்கொள்ளத் தோன்றியது. ஆனால் அரைகுறையாக விட முடியாது. “நல்லா ஆடின. பிடிச்சு ஆடல. உனக்குப் பறக்கணும். அந்த ஹங்கேரிக்காரன் எறிவானா?”

“அவன் வீடியோவுல எறியறதப் பாத்தா, போன ஜென்மத்துப் பகை மாதிரி எறியறான்.”

“அப்ப போ.”

லெஸ்யாவுக்குக் கண் கலங்கியது. கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “உங்களுக்குக் கோபம் வரும்னு நெனச்சேன்.”

“வருது. நிறைய வருது. அது என் பாடு. நீ நாளைக்குன்னு வைக்காத, இப்பவே பதில் அனுப்பு. அப்புறம் நான் மனசு மாறி உன் கால்ல விழுந்தாலும் விழுவேன்.”

லெஸ்யா சுவரைத் தாண்டிக் கட்டிப் பிடித்தாள். நடுவில் சுவர் இருந்ததால் சரியாகக் கட்டிப் பிடிக்க முடியவில்லை. விலாவில் குத்தியது. இரண்டு பேரும் விடவில்லை.

ஒரேஸ்ட் தொப்பியைத் தலையில் வைத்தான், கழற்றினான், மறுபடி வைத்தான். “ஹங்கேரில நம்ம பெரோகி...”

“அப்பா, அங்க இருக்கறவங்களும் சாப்பிடுறவங்கதான்.”

“கேட்டேன். கேக்கக் கூடாதா?” என்றவன், மகள் தோளைப் பிடித்துக்கொண்டு ரெமியைப் பார்த்தான். “தம்பி, தப்பா நெனச்சுக்காத. அவ்ளோ தூரம் வந்த.”

“ஐயோ, அதெல்லாம் இல்ல,” என்றான் ரெமி. லெஸ்யாவிடம் திரும்பினான். “நீ இருக்கேன்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு நான்தான் பயந்துட்டு இருந்தேன். திரும்ப எறியச் சொல்லுவன்னு.”

“கோழை,” என்றாள் லெஸ்யா, சிரித்துக்கொண்டே.

“ஆமா,” என்றான் அவனும்.

தந்தையும் மகளும் பெஞ்சுப் பக்கம் போனார்கள். லெஸ்யா போனில் தட்டத் தொடங்கினாள். ஒரேஸ்ட் குனிந்து, அவள் சின்னக் குழந்தையாக இருந்தபோது செய்த மாதிரி, அவள் ஸ்கேட்டின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். மார்லாவால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. ஐஸைப் பார்த்தாள். இத்தனை வருஷமாகப் பையனுக்காகக் காத்திருந்த ரிங்கில் இப்போது பையன் நிற்கிறான், பெண் இல்லை.

“இவன இப்ப என்ன பண்றது?” என்றாள் ஜோலின். “திரும்பக் கூட்டிட்டுப் போறதா, விட்டுட்டுப் போறதா?”

“விட்டுட்டுப் போங்க,” என்றாள் மார்லா. சொன்ன பிறகுதான் தான் சொன்னதே அவளுக்குக் கேட்டது. “டான்ஸ் ஆடுற பையன் ஒருத்தன் ஹேசல் க்ரீக்ல காலியா இருக்கான்னு வெளிய தெரிஞ்சா, சாயங்காலத்துக்குள்ள ரெஜைனாவுல இருந்து வந்து நிப்பாங்க. எத்தன பொண்ணுங்க பையன் இல்லாம உக்காந்திருக்குன்னு உங்களுக்குத் தெரியாது.”

“இவனுக்கு ராத்திரிக்கு நாலு முட்டை வேணும். சொல்லிட்டேன்.”

“அத்தை!” என்றான் ரெமி.

ஹாக்கிப் பெண்கள் மறுபடி மட்டையைத் தட்ட ஆரம்பித்தார்கள். “எங்க நேரம் ஆகப்போகுது மார்லா!” என்று ஒருத்தி கத்தினாள்.

“ஆகப்போகுதுன்னா இன்னும் ஆகல!” என்று மார்லாவும் கத்தினாள். கால் மறுபடி பரபரவென்றது. நின்றால் அழுதுவிடுவாள் என்று அவளுக்குத் தெரிந்தது. ஐஸின் நடுவே ஓடிப் போய் ரெமியின் முன்னால் நின்று இடது கையை நீட்டினாள்.

“வா. பிடி. நேரம் வீணாகுது.”

அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். “உங்களத் தூக்கணுமா?”

“தூக்கினா ரெண்டு பேருக்கும் ஆம்புலன்ஸ்தான். சும்மா பிடிடா. முதுகை நிமித்து. உன் தோள் எங்க போகுது? லெஸ்யாகிட்ட எப்படியோ தப்பிச்சுட்ட, என்கிட்ட நடக்காது.”

பிடித்தான். அவளுடைய இடுப்பு எலும்பு ஒரு பக்கம் முணுமுணுத்தது. கிளம்பினார்கள். முதல் திருப்பத்தில் அவள் அவன் காலை மிதித்தாள்.

“சாரி,” என்றான் ரெமி.

“மிதிச்சது நான். நீ ஏன் சாரி சொல்ற? இந்தப் பழக்கத்தத்தான் மொதல்ல விடணும்,” என்றாள் மார்லா. “திரும்ப, ஆரம்பத்துல இருந்து.”